இரும்புப் பட்டறையிலிருந்து கண்ணாடி மாளிகை வரை

சென்ற நவராத்திரிக்கு முன்னால் நம் சங்கத்தின் கோஷ்டி கானக் குழுவை வெளிப்போட்டி ஒன்றுக்குத் தயார் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது அங்கத்தினர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பொறுப்பு என்றால் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது இல்லை. அதற்கு நம் மாமிகள் இருக்கிறார்கள். ஹாலுக்குச் சொல்லி வைப்பது, சுருதிப்பெட்டி எடுத்து வருவது, காபிக்கு ஏற்பாடு செய்வது, ஒத்திகைக்கு வராதவர்களுக்குப் போன் செய்வது, இவைதான் என் வேலை. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, நிலக்கரி சம்பந்தப்பட்ட அரசுத் துறையில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவனுக்கு சங்கீதத்தில் கேள்வி ஞானம் தவிர வேறென்ன இருக்கும்?

இருந்தாலும் மூலை நாற்காலியில் உட்கார்ந்து ஆறு வாரம் கேட்டதில் ஒரு விஷயம் புரிந்தது. குழுவில் பதினாறு பேர். ஒவ்வொருவரும் தனியாகப் பாடினால் தாராளமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கலாம். சேர்ந்து பாடும்போது பதினாறு குரலும் தனித்தனியாகக் காதில் விழுந்தன. யாரும் தப்பாகப் பாடவில்லை. ஒருவர் கமகத்தை இழுத்து முடிப்பதற்குள் மற்றவர் அடுத்த அடிக்குப் போய்விடுவார், அவ்வளவுதான். போட்டியில் நமக்கு என்ன இடம் கிடைத்தது என்பதை இங்கே நான் எழுதப் போவதில்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில், நாற்பது வருஷங்களுக்கு முன் பார்த்த ஒரு சிலை எனக்கு நினைவுக்கு வந்தது.

1983இல் சுரங்கப் பாதுகாப்புப் பயிற்சிக்காக இலாகா என்னை பிரிட்டனுக்கு அனுப்பியது. தங்கியது வேல்ஸ் நாட்டின் தலைநகரான கார்டிஃபில். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல், நிலக்கரிப் பள்ளத்தாக்குகளைப் பார்க்கலாம் என்று பஸ் பிடித்து அபர்டேர் என்ற ஊருக்குப் போனேன். கடைவீதி நடுவே சிறிய சதுக்கம். அதில் வெண்கலத்தில் ஒரு தாட்டியான மனிதர், கையில் ஒரு குச்சியுடன். சுரங்க முதலாளியாகவோ பார்லிமெண்ட் மெம்பராகவோ இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவரைக் கேட்டேன். அவர் ஒரு கொல்லர் என்றும், பாட்டுக் கோஷ்டிக்குத் தலைவராக இருந்தவர் என்றும், கையிலிருப்பது கோஷ்டியை நடத்தும் குச்சி என்றும் சொன்னார். கொல்லருக்கு ஊர் நடுவில் சிலையா என்று அன்று நான் வியந்ததோடு சரி. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவருடைய இயற்பெயர் கிரிஃபித் ரீஸ் ஜோன்ஸ். 1834 டிசம்பர் 21ஆம் தேதி அபர்டேரை ஒட்டிய ட்ரெகனன் என்ற சிற்றூரில் பிறந்தார். வேல்ஸில் ஜோன்ஸ் என்ற பெயர் நம்மிடையே சுப்ரமணியன் போல. தெருவில் நின்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். அதனால் அங்கே பெயரெடுத்தவர்களுக்கெல்லாம் ஒரு புனைபெயர் உண்டு. இவருக்கு வாய்த்தது கராடாக். ரோமாபுரிப் படையை எதிர்த்து நின்று, பிடிபட்டு, ரோமுக்குக் கொண்டு செல்லப்பட்ட பழங்கால பிரிட்டானிய வீரன் ஒருவனின் பெயர் அது. பத்தொன்பது வயதில், போட்டி ஒன்றில் ஒரு சிறு கோஷ்டியை நடத்தி ஜெயித்தபோது அந்தக் கோஷ்டிக்கு இருந்த பெயரே பிறகு அவருக்கும் ஒட்டிக்கொண்டது. இன்று வேல்ஸில் கிரிஃபித் ஜோன்ஸ் என்றால் யாருக்கும் தெரியாது. கராடாக் என்றால் தெரியும்.

அந்தக் காலத்து அபர்டேரைக் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்க வேண்டும். 1841இல் ஏழாயிரம் பேர்கூட இல்லாத பகுதி அது. இரும்பாலைகளும், அவற்றைத் தொடர்ந்து நிலக்கரிச் சுரங்கங்களும் பெருகியதில் இருபதே வருஷத்தில் ஜனத்தொகை முப்பத்திரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. தன்பாத் பக்கம் வேலை பார்த்த எனக்கு இப்படி வீங்கிய ஊர்கள் பழக்கம். மலைச்சரிவில் வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், கரிப்புகை, குடிநீர்த் தட்டுப்பாடு, வியாதி, கூலித் தகராறு. ஆனால் தன்பாத்தில் நான் பார்க்காத ஒன்று அங்கே இருந்தது. தெருவுக்கு ஒரு பிரார்த்தனைக் கூடம். ஒவ்வொரு கூடத்திலும் பாட்டு.

பையனாக இருந்தபோதே கிரிஃபித் கொல்லுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். சம்மட்டி பிடித்த அதே கையால் வயலின் வாசிக்கவும் கற்றுக்கொண்டார். நன்றாகவே வாசித்தார் என்கிறார்கள். முறையாக சங்கீதக் கல்லூரி எதிலும் படித்தவர் இல்லை. அப்படியானால் எங்கே கற்றார் என்று கேட்கலாம். அவர் பிறந்த ட்ரெகனனிலேயே கார்வ் கோச் என்ற புனைபெயர் கொண்ட ஒருவர் மதுக்கடை நடத்தி வந்தார். அந்தக் கடையில் கவிதைக்கும் பாட்டுக்கும் போட்டிகள் நடக்கும். இந்தப் போட்டிகளுக்கு அவர்கள் மொழியில் ஐஸ்டெத்வட் என்று பெயர். இது பழைய வழக்கம். 1176இல் கார்டிகன் கோட்டையில் ரீஸ் பிரபு நடத்தியதை முதலாவதாகச் சொல்கிறார்கள். நம்மூர் வித்வத் சதஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே போட்டியிட்டவர்கள் பண்டிதர்கள் மட்டுமல்ல. செருப்புத் தைப்பவரும் சுரங்கத் தொழிலாளியும் மேடை ஏறினார்கள். நாடு முழுவதுக்குமான முதல் தேசிய ஐஸ்டெத்வட் 1861இல் நடந்ததும் இதே அபர்டேரில்தான். பெரிய பந்தல் போட்டார்கள். புயல் வந்து பிய்த்துக்கொண்டு போயிற்று. கூட்டத்தை மார்க்கெட் கட்டடத்துக்கு மாற்றிக்கொண்டு விழாவை நடத்தி முடித்தார்கள்.

இதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1859இல், அதே ஊரில் இன்னொரு காரியமும் தொடங்கியது. இயவான் குவில்ட் என்ற புனைபெயருடைய ஜான் ராபர்ட்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர், பல கூடங்களைச் சேர்ந்தவர்களை ஓரிடத்தில் கூட்டி, தோத்திரப் பாடல்களைப் பல குரல்களில் சேர்ந்து பாடப் பழக்கினார். இதற்கு கமான்வா கானி என்று பெயர். கானி என்றால் பாடுதல். நம்முடைய கானத்தோடு இதை முடிச்சுப் போடத் தோன்றும், எனக்கும் தோன்றியது. மொழி நூல் தெரிந்த நண்பர் இரண்டின் வேரும் வேறு என்று சொல்லிவிட்டதால் அந்த ஆராய்ச்சியை அத்துடன் விட்டேன்.

பல குரல்களில் பாடுதல் என்றேன். நமக்கு இது சற்று அந்நியம். நம் கோஷ்டி கானத்தில் எல்லோரும் ஒரே ஸ்வரத்தைப் பாடுகிறோம். அவர்கள் முறையில் பெண்களில் மேல் ஸ்தாயிக்காரர்கள் சோப்ரானோ, கீழே ஆல்டோ. ஆண்களில் மேலே டெனர், கீழே பேஸ். நால்வகையாரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஸ்வரங்களைப் பாட, அவை ஒன்றோடொன்று இசைந்து வர வேண்டும். ஒரு வகையார் கொஞ்சம் இறங்கிவிட்டால் நான்கும் சேர்ந்து கெட்டுப்போகும்.

கரி வெட்டுகிறவனுக்கு இதை யார் சொல்லிக் கொடுப்பது? ஐந்து கோட்டில் புள்ளி வைக்கும் மேற்கத்திய ஸ்வரக் குறிப்பைப் படிக்கப் பல மாதம் ஆகும். இங்கேதான் நமக்குப் பிடித்த சமாசாரம் வருகிறது. இங்கிலாந்தில் நாரிச் நகரத்தைச் சேர்ந்த சாரா குளோவர் என்ற ஆசிரியை உருவாக்கிய முறையை, ஜான் கர்வன் என்ற பாதிரியார் 1840களில் திருத்திப் பரப்பினார். அதற்கு டானிக் சோல்-ஃபா என்று பெயர். டோ, ரே, மி, ஃபா, சோ, லா, டி என்ற ஏழு ஸ்வரங்களை ஏழு எழுத்துகளால் எழுதிவிடுவது. முக்கியமான விஷயம், டோ என்பது நிலையான ஓர் ஒலியில் கட்டிப் போடப்பட்டதல்ல. பாடுபவர்களுக்குச் சௌகரியமான இடத்தில் டோவை வைத்துக்கொள்ளலாம். மற்றவை அதிலிருந்து கணக்கு. நம் ஷட்ஜத்தைத் தவிர இது வேறென்ன? ஸரிகமபதநி என்று புரந்தரதாசர் காலத்திலிருந்து நம் குழந்தைகள் வரிசை பாடி வருவதை, அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறு வழியில் வந்து பிடித்தார்கள். சுவரில் ஏணி போல ஸ்வரங்களை எழுதிய ஒரு படத்தை மாட்டி, ஆசிரியர் குச்சியால் தொட்ட ஸ்வரத்தை எல்லோரும் பாட வேண்டும். வெறும் எழுத்துகள்தான் என்பதால் சாதாரண அச்சகத்திலேயே பாட்டுப் புத்தகம் போடலாம், விலையும் மலிவு. வேல்ஸ் முழுவதும் இது காட்டுத்தீயாகப் பரவியதில் ஆச்சரியமில்லை.

கராடாக் இந்தச் சூழலில் வளர்ந்து, ஊர்க் கோஷ்டிகளை நடத்திப் போட்டிகளில் ஜெயித்து, முப்பது வயதுக்குள் தென் வேல்ஸில் தெரிந்த பெயராகிவிட்டார். 1870இல் பட்டறைத் தொழிலை விட்டு, ரோந்தா பள்ளத்தாக்கில் ட்ரியார்க்கி என்ற ஊருக்குக் குடிபெயர்ந்து ஹோட்டல் நடத்தலானார். ஹோட்டல் என்றால் மசால் தோசை போடும் இடம் இல்லை, மதுபானம் விற்கும் விடுதி. பிரார்த்தனைக் கூடங்களில் மதுவிலக்குப் பிரசாரம் பலமாக இருந்த காலம் அது. அந்தக் கூடங்களில் பாடிப் பழகியவர்கள்தாம் ஒரு மதுக்கடைக்காரரின் குச்சிக்குக் கட்டுப்பட்டுப் பாடினார்கள். வித்தை என்று வந்தால் மற்றதைக் கண்டும் காணாமல் இருப்பது நமக்கும் தெரிந்த வழக்கம்தானே!

இனி முக்கியமான கட்டம்.

லண்டனில் 1851 பொருட்காட்சிக்காக ஜோசஃப் பாக்ஸ்டன் கட்டிய கிரிஸ்டல் பேலஸ் என்னும் கண்ணாடி மாளிகையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பொருட்காட்சி முடிந்ததும் அதைப் பிரித்து, நகருக்குத் தெற்கே சிடன்ஹாம் குன்றின் மேல் இன்னும் பெரிதாகக் கட்டி 1854இல் திறந்தார்கள். நீளம் ஏறக்குறைய 1,600 அடி. அங்கே 1872இல் தேசிய சங்கீதப் போட்டிகள் தொடங்குவதாக அறிவிப்பு வந்தது. பெரிய கோஷ்டிகளுக்கான பிரிவில் ஆயிரம் பவுன் மதிப்புள்ள சுழற்கோப்பை.

வேல்ஸ்காரர்களுக்கு இந்தக் கோப்பை ஏன் இவ்வளவு பெரிய விஷயமாயிற்று என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. 1846இல் பிரிட்டிஷ் அரசாங்கம் வேல்ஸின் கல்வி நிலை பற்றி விசாரிக்க மூன்று கமிஷனர்களை அனுப்பியது, 1847இல் அறிக்கை வந்தது. மூவரும் இங்கிலாந்து வக்கீல்கள். மூவருக்கும் வெல்ஷ் மொழி தெரியாது. வெல்ஷ் மட்டுமே தெரிந்த குழந்தைகளை ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். பள்ளிகள் மோசம் என்று சொன்னதோடு நில்லாமல், ஜனங்களின் ஒழுக்கமும் மோசம், அதற்கு அவர்கள் மொழியும் ஒரு காரணம் என்கிற அளவுக்கு அறிக்கை போயிற்று. பள்ளிகள் மோசமாக இருந்தது உண்மைதான், அதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். மற்றது ஆறாத புண்ணாகிவிட்டது. நீல அட்டை போட்ட அந்த அறிக்கைகளை நீலப் புத்தகங்களின் துரோகம் என்றே இன்றும் வேல்ஸ் சரித்திரம் குறிப்பிடுகிறது. நானும் விசாரணைக் குழுக்களில் உறுப்பினராக இருந்திருக்கிறேன். போகும் இடத்து பாஷை தெரியாமல் எழுதிய அறிக்கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த அறிக்கை வந்தபோது கராடாக்குக்கு வயது பன்னிரண்டு. லண்டன் போட்டிக்குப் போக வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது முப்பத்தேழு. ஒரு ஊர்க் கோஷ்டி போதாது, தென் வேல்ஸ் முழுவதிலிருந்தும் ஒரே கோஷ்டியாகத் திரட்டுவது என்று முடிவாயிற்று. அதை நடத்த அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அபர்டேர், மெர்தர், ரோந்தா, ரம்னி, ஸ்வான்சீ, லனெல்லி என்று பல இடங்களிலிருந்தும் ஏறத்தாழ 460 பேர். கரி வெட்டுபவர்கள், இரும்பாலை, தகர ஆலைத் தொழிலாளிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள், தையல் வேலை செய்பவர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள். ஜனங்கள் அதைப் பெரிய கோஷ்டி என்றே அழைத்தார்கள்.

பதினாறு பேரை ஒரு ஹாலில் கூட்டுவதற்கே நான் பட்ட பாட்டை முதலில் சொன்னேன். 460 பேரை, இடையிடையே மலை குறுக்கிடும் பள்ளத்தாக்குகளிலிருந்து எப்படித் தயார் செய்வது? ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கமிட்டி, ஒரு உதவித் தலைவர். அந்தந்த ஊரில் வேலை முடிந்த பிறகு, கரி கழுவிய கையோடு வந்து தங்கள் பகுதியைப் பாடம் செய்வார்கள். கராடாக் ஊர் ஊராகப் போய்க் கேட்டுத் திருத்துவார். பிறகு பல ஊர்க்காரர்களை ஓரிடத்தில் சேர்த்துப் பெரிய ஒத்திகை. ரயில் சத்தத்துக்குப் பணம் வேண்டும். சந்தா திரட்டினார்கள், ஊர்களில் கச்சேரி வைத்து டிக்கெட் விற்றார்கள். 1871 கோடையில்தான் அபர்டேர், ரோந்தா சுரங்கங்களில் பன்னிரண்டு வாரம் வேலைநிறுத்தம் நடந்து ஓய்ந்திருந்தது. கொடுத்தவர்கள் யாரும் மிச்சத்திலிருந்து கொடுக்கவில்லை.

ஒத்திகையில் அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்பதைப் பௌதிகம் படித்தவன் என்ற முறையில் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. பெரிய கோஷ்டியின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் முப்பது மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பக்கத்தார் பாடியது இந்தப் பக்கம் வந்து சேர வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஆகும். இது சின்னதாகத் தோன்றும். வேகமான பகுதியில் பாதி எழுத்து அதற்குள் ஓடிவிடும். பக்கத்தாரின் பாட்டைக் கேட்டுக்கொண்டு பாடினால் கோஷ்டி தள்ளாட ஆரம்பிக்கும். ஒளிக்கு அந்தத் தாமதம் கிடையாது. ஆகவே தாளத்தைக் காதால் பிடிக்காமல் கண்ணால் பிடிக்க வேண்டும். 460 ஜோடிக் கண்ணும் அந்தக் குச்சியின் நுனியில் இருக்க வேண்டும். அப்படியென்றால் பாட்டு மனப்பாடமாக இருக்க வேண்டும். சுருதி விஷயமோ நேர் எதிர். அதைக் காதால்தான் பிடிக்க முடியும். ஒருவர் வினாடிக்கு 200 அதிர்விலும் இன்னொருவர் 202 அதிர்விலும் பாடினால் வினாடிக்கு இரண்டு தடவை ஒலி ஏறி இறங்கி அலையும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இசைக்கவை வைத்து நாம் கேட்ட அதே அலைவுதான். நூற்றுக்கணக்கானவர் சேரும்போது கொஞ்சம் அலைவு இருந்தால் குரலுக்கு ஒரு கனம் வரும், கூடினால் இரைச்சலாகிவிடும். தாளத்துக்குப் பக்கத்தாரை மறக்க வேண்டும், சுருதிக்குப் பக்கத்தாரை விடக் கூடாது. நல்ல குரல் உள்ளவருக்கு இது மிகக் கஷ்டம். தன் குரல் தனக்கே கேட்காத அளவுக்குக் கரைய வேண்டும். நம் குழுவில் நடக்காதது இதுதான் என்று எனக்கு இப்போது படுகிறது.

1872 ஜூலையில் கோஷ்டி லண்டன் போய்ச் சேர்ந்தது. ஒரு துணுக்கு: அந்த வருஷம் மே மாதம்தான் தென் வேல்ஸ் ரயில் பாதை முழுவதையும் அகலப் பாதையிலிருந்து இன்றைய சாதாரண அகலத்துக்கு மாற்றினார்கள். நம் நாட்டில் மீட்டர் கேஜ் மாற்றத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் கவனிக்க, அவர்கள் அந்த வேலையைச் சில நாட்களில் முடித்தார்கள். செவர்ன் நதிக்கு அடியில் சுரங்கப் பாதை 1886இல்தான் வந்தது. அதற்கு முன் குளோஸ்டர் பக்கமாகச் சுற்றித்தான் லண்டன் போக வேண்டும். அவர்களில் பலர் தங்கள் பள்ளத்தாக்கைத் தாண்டியே போகாதவர்களாக இருந்திருப்பார்கள்.

கண்ணாடி மாளிகையில் மேடை ஏறினால், எதிர்க் கோஷ்டி இல்லை. அந்தப் பிரிவில் வேறு யாரும் கலந்துகொள்ளவில்லை. பாடினார்கள். நடுவர்கள் பாராட்டினார்கள். கோப்பையைக் கொடுத்தார்கள். சர்க்காரில் இருந்தவர்களுக்கு ஒற்றை டெண்டர் என்றால் என்ன என்று தெரியும். விலை எவ்வளவு நியாயமாக இருந்தாலும் ஆடிட்டில் ஒரு கேள்வி வரும். இதற்கும் கேள்வி வந்தது. எதிரில் ஆள் இல்லாமல் ஜெயித்தது என்ன ஜெயிப்பு?

இந்த இடத்தில் கராடாக் கோப்பையை வீட்டில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். ஊரில் மரியாதைக்குக் குறைவில்லை, வியாபாரமும் நன்றாக நடந்தது. மறுபடி போய்த் தோற்றால் முதல் வருஷத்துக் கோப்பையும் சேர்த்துக் கேலிக்கு ஆளாகும். மறு வருஷம் போட்டிக்கு வந்ததோ சாமானியக் கோஷ்டி இல்லை. லண்டன் டானிக் சோல்-ஃபா சங்கத்தின் கோஷ்டி. வேல்ஸ் தொழிலாளிகள் எந்த முறையில் எழுத்துக்கூட்டிப் பாடக் கற்றார்களோ, அந்த முறையின் தாய்வீடே எதிரே நின்றது. அதன் தலைவர் ஜோசஃப் பிரௌட்மன் 1867இல் பாரிஸ் பொருட்காட்சிப் போட்டிக்குத் தன் பாடகர்களை அழைத்துப் போய்ப் பெயர் வாங்கியவர். குருவோடு சிஷ்யன் மோதுவது போலத்தான்.

1873 பிறந்தபோது தென் வேல்ஸில் நிலைமை முந்தியதைவிட மோசம். பத்து சதவிகிதக் கூலிக் குறைப்பை எதிர்த்து ஜனவரியில் வேலைநிறுத்தம் தொடங்கி மார்ச் வரை நீடித்தது. ஏறக்குறைய அறுபதாயிரம் பேர் வேலையில்லாமல் இருந்தார்கள். மெர்தர், அபர்டேர் வட்டாரங்களில் அடுப்பு எரியாத வீடுகள். ஒரே கோஷ்டியில் வேலைநிறுத்தத்தில் இருந்தவரும் இல்லாதவரும் தோளோடு தோள் நின்று பாட வேண்டியிருந்தது. இந்த மூன்று மாதத்தைப் பற்றி ஒன்று சொல்லலாம். வயிற்றுக்கு இல்லாதவனுக்குப் பாட நேரம் இருந்தது. ஆனால் ரயில் சத்தம் இல்லை. மீண்டும் சந்தா, மீண்டும் கச்சேரிகள். நடுத்தர வர்க்கத்தாரும் கடைக்காரர்களும் கை கொடுத்தார்கள். கலைந்து கிடந்த பெரிய கோஷ்டியை கராடாக் மறுபடி சேர்த்தார். மறுபடி ஊர் ஊராகப் போனார்.

ஜூலை மாதம் கண்ணாடி மாளிகை. லண்டன் கோஷ்டி எண்ணிக்கையில் சிறியது, ஆனால் நன்றாகப் பக்குவப்பட்டது. இரு தரப்பும் அதே நடுவர்கள் முன்பு பாடின. தீர்ப்பு வேல்ஸுக்கு. இந்தத் தடவை ஒற்றை டெண்டர் என்று யாரும் சொல்ல முடியவில்லை. ஊர் திரும்பியபோது ரயில் நிலையங்களில் கூடிய கூட்டத்தை அந்தப் பள்ளத்தாக்குகள் அதுவரை பார்த்ததில்லை. நீலப் புத்தகம் வந்து சரியாக இருபத்தாறு வருஷம். பாட்டு நாடு என்று வேல்ஸுக்கு இன்று இருக்கும் பெயர் ஊன்றி நின்றதில் இந்த வெற்றிக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்குகளில் எழுந்த ஆண்கள் கோஷ்டிகளும் கலப்புக் கோஷ்டிகளும் எண்ணி முடியாதவை. ட்ரியார்க்கி ஆண்கள் கோஷ்டியின் இசைத்தட்டுகள் நம்மில் சிலரிடம்கூட இருக்கலாம்.

ஒரு பாட்டால் கூலி உயர்ந்ததா என்று கேட்டால், இல்லை. 1875இல் மீண்டும் அங்கே பெரிய கதவடைப்பு நடந்தது, கூலி இறங்கியது. இதையும் சொல்லாவிட்டால் கதை பாதிதான்.

பெரிய கோஷ்டி அந்த வெற்றிக்குப் பின் கலைந்துவிட்டது. 460 பேரை அப்படிக் கட்டி வைத்திருக்க யாராலும் முடியாது, அவரும் முயலவில்லை. பிற்காலத்தில் மதுபான வியாபாரத்தில் வளர்ந்து வசதியாக வாழ்ந்தார். சங்கீதத்தில் பட்டமோ பெரிய பதவியோ அவர் தேடிப் போகவில்லை. சாகித்யகர்த்தாவாகவும் பெயர் எடுக்கவில்லை. அவர் பெயரைச் சொல்ல ஒரு பாட்டுப் புத்தகம் கிடையாது, அந்தப் போட்டி நடந்த காலத்தில் ஒலிப்பதிவும் இல்லை. அந்த 460 குரல் எப்படிக் கேட்டது என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. பாடிய இடம்கூட இல்லை. 1936 நவம்பர் 30ஆம் தேதி இரவு கண்ணாடி மாளிகை தீப்பிடித்து எரிந்து போயிற்று.

கராடாக் 1897 டிசம்பர் 4ஆம் தேதி பாண்டிப்ரித் நகரில் காலமானார். அறுபத்து மூன்று முடிய இரண்டு வாரம் பாக்கி. உடலை அபர்டேருக்குக் கொண்டுவந்து, பிறந்த மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். 1920இல், முதல் உலக யுத்தம் முடிந்த கையோடு, அந்த நாட்டின் தலைசிறந்த சிற்பி கோஸ்கோம் ஜான் செய்த வெண்கலச் சிலை சதுக்கத்தில் எழுந்தது. நான் பார்த்தது அதைத்தான். அன்று என்னிடம் விவரம் சொன்ன முதியவர் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. பஸ் வரும் வரை பேசிக்கொண்டிருந்தோம். தன் தாத்தாவின் அப்பா அந்தக் கோஷ்டியில் பேஸ் பாடியவர் என்று சொன்னார். என்ன பாட்டு என்று கேட்டேன். அது அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவது வரிசையில் நின்றார் என்பது மட்டும் தெரிந்திருந்தது.